கூழ் காய்ச்ச ஒரு டாக்டர் பட்டம்!

பெங்களூர் ரயில் நிலையத்தில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் ‘இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயன்ஸ்’ என்று சுத்தமான உச்சரிப்பில் சொல்லிப் பாருங்கள். மேலும் கீழும் பார்ப்பார். ‘யாவ காலேஜ் மேடம்?’ என்பார். ‘டாடா இன்ஸ்டிட்யூட்’ என்று சொன்னால் போதும். மீட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஊர் 2014-ல் அதிகாரபூர்வமாக பெங்களூரு ஆகிவிட்டது. இன்ஸ்டிட்யூட்டுக்கு 1909-லிருந்தே வேறு பெயர். ஆட்டோ ஸ்டாண்டுக்கு மட்டும் தகவல் போகவில்லை. ஜாம்ஷெட்ஜி டாடா இந்தக் கனவைக் கண்டு, பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, 1904-லேயே கண்ணை மூடிவிட்டார். மைசூர் மகாராஜா 371 ஏக்கர் நிலத்தைத் தூக்கிக் கொடுத்தார். இன்றைய பெங்களூரில் 371 சதுர அடி என்ன விலை என்று விசாரித்தவர்களுக்குத்தான் அந்த மனசின் அகலம் புரியும்.

வாசலில் செக்யூரிட்டியிடம் பெயர், ஊர், யாரைப் பார்க்க எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு நாலு அடி உள்ளே வைத்தேன். வெளியே இருந்த ஹாரன் சத்தம் யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி நின்றது. இரண்டு பக்கமும் மரம், மரம், மரம். சைக்கிளில் போகிற பிள்ளைகள். எல்லோர் முகத்திலும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற பாவம். கல்லூரி என்றால் நமக்கு ஒரு காட்சி மனதில் இருக்குமே... பைக் ஸ்டாண்ட், அரட்டை, கைதட்டல். அதெல்லாம் இங்கே ரொம்பக் கம்மி. ராத்திரி இரண்டு மணிக்கும் பரிசோதனைக் கூடத்தில் விளக்கு எரிகிற இடம் இது. இந்த மரங்களில் தேவாங்குகள் இருக்கின்றனவாம். இரவெல்லாம் உருட்டி உருட்டி விழித்துக்கொண்டிருக்குமே, அதே தேவாங்கு. மரத்தில் இருப்பது எது, ஹாஸ்டலில் இருப்பது எது என்று கண்களை வைத்து மட்டும் சொல்ல முடியாது என்றாள் என் அக்கா மகள்.

அவளுக்காகத்தான் வந்தேன். அவளுக்குப் பரீட்சை.

அக்காவுக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அவள் பெண்ணுக்கும் எனக்கும் பதினொன்று. அதனால் நான் சித்தியா, தோழியா என்பது இடத்தைப் பொறுத்து மாறும். விருதுநகரிலிருந்து அக்காவின் போன் உத்தரவு இப்படித்தான் வந்தது: “ஏய், ஒனக்குதான் ஆபீஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. எழுதறத அங்க உக்காந்து எழுது. பிள்ளைக்கு என்னமோ பெரிய பரீட்சையாம். போயி கூட இரு.”

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவர்களுக்கு அவரவர் குடும்பம் கொடுக்கும் மரியாதை இதுதான் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துகொள்கிறேன்.

கூடவே சாத்தூர் காராச்சேவு இரண்டு கிலோ, பேனா ஒரு டஜன். பேனாவைப் பார்த்ததும் பெண் சிரித்துவிட்டாள். “சித்தி, இது எழுதற பரீட்சையே இல்ல!”

*

விஷயம் இதுதான். விஞ்ஞானத்தில் பி.எச்டி. செய்வது என்றால், சேர்ந்தவுடன் வெள்ளை கோட் மாட்டிக்கொண்டு கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். (நான் பி.காம். டெபிட், கிரெடிட் இரண்டும் சமமாக இருந்தால் உலகம் சரியாக இருக்கிறது என்று நம்பும் கூட்டம்.) அப்படி இல்லையாம். சேருவதற்கே அகில இந்திய அளவில் ஒரு தேர்வு, அதற்கு மேல் ஒரு நேர்காணல். சேர்ந்த பிறகு ஒரு வருடத்துக்கு வகுப்பு, ஹோம்வொர்க், பரீட்சை. அதையெல்லாம் தாண்டினால் நடுவழியில் ஒரு சோதனைச் சாவடி. ‘காம்ப்ரிஹென்ஸிவ்’ என்று பெயர். பிள்ளைகள் செல்லமாக ‘காம்ப்ரி’ என்கிறார்கள். செல்லம் பெயரில் மட்டும்தான்.

ஒரு அறை. ஒரு போர்டு. நாலைந்து பேராசிரியர்கள். வேறு துறையிலிருந்தும் ஒருவர் வந்து உட்காருவார். அவள் முதலில் தன் ஆராய்ச்சி என்ன என்று கொஞ்ச நேரம் பேச வேண்டும். அதற்குப் பிறகு கேள்வி. எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்கலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கலாம். தேறினால் பி.எச்டி.க்கான ஆராய்ச்சியைத் தொடரலாம். தேறாவிட்டால் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தேறாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

“எத்தனை மார்க்குக்கு?” என்று அக்கா கேட்டாள்.

மார்க் கிடையாது என்றதும் அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மார்க் இல்லாத பரீட்சையை விருதுநகரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

உலகம் பூராவும் இந்தச் சாவடி இருக்கிறது, பெயர்தான் மாறுகிறது. அமெரிக்காவில் ‘குவாலிஃபையர்’ என்பார்கள், ‘பிரிலிம்ஸ்’ என்பார்கள். சில இடங்களில் நாள்கணக்கில் உட்கார்ந்து எழுத வேண்டும், சில இடங்களில் வாய்மொழி. ரஷ்யாவில் லெவ் லாண்டாவ் என்று ஒரு பௌதிக மேதை இருந்தார். தன்னிடம் சிஷ்யனாக வர விரும்புகிறவர்களுக்குச் சொந்தமாகவே ஒரு தேர்வு வரிசை வைத்திருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘குறைந்தபட்சம்’! 1930-களில் ஆரம்பித்து 1961 வரை அந்தக் ‘குறைந்தபட்ச’த்தைத் தாண்டியவர்கள் மொத்தம் 43 பேர். பட்டியலை மனிதர் கைப்பட எழுதி வைத்திருந்தார். தாண்டியவர்களில் ஒருவர் பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கினார்.

சம்பளக் கணக்கு பார்க்காவிட்டால் நான் என்ன பி.காம்.? ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். அதற்கு முன்பு 31,000. இரண்டு வருடம் முடிந்து, மதிப்பீட்டிலும் தேறினால் 42,000. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த அவளுடைய காலேஜ் சிநேகிதிகள் என்ன வாங்குகிறார்கள் என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்காமலேயே அக்கா அதை வாரா வாரம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவளுடைய ஆராய்ச்சி என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது. பால், பெயின்ட், மை... இந்த மாதிரி, ஒரு திரவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மிதக்கும் வஸ்துக்கள் இருக்கின்றன அல்லவா? தமிழில் அழகாகக் ‘கூழ்மம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒளியைப் பாய்ச்சி, அது எப்படிச் சிதறுகிறது என்று பார்த்து, உள்ளே துகள்கள் என்ன செய்கின்றன என்று கண்டுபிடிப்பது. இதை அக்காவுக்கு நான் எளிமையாக விளக்கினேன்.

“கூழ் காய்ச்சறதுக்கா பி.எச்டி.? ஏன், நான் சொல்லித் தர மாட்டனா?”

*

நான் தங்கியது மல்லேஸ்வரத்தில் ஒரு சிநேகிதி வீட்டில். மல்லேஸ்வரம் நம் மயிலாப்பூருக்கு ஒன்றுவிட்ட தங்கை. பூக்கடை, கோவில், பூங்காவில் நடக்கும் ரிடையர்டு மாமாக்கள், எட்டாவது கிராஸில் நடைபாதையையே கடையாக்கிய சந்தை. பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் அங்கே ஸி.டி.ஆரில் வெண்ணெய் மசால் தோசை சாப்பிட அவளைக் கூட்டிப் போனேன். உள்ளே இடம் கிடைக்கவே ஒரு தகுதித் தேர்வு வேண்டியிருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் பின்னால் போய் நின்று, அவர் காபியின் கடைசி வாய் எப்போது என்று கணிக்க வேண்டும்.

தோசை வந்ததும் அவள் அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“சித்தி, ஒண்ணு சொல்றேன். அம்மாகிட்ட சொல்லக் கூடாது.”

இப்படி ஆரம்பிக்கும் பேச்சு எதுவும் நல்லதில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. யாராவது பையனா என்று என் சித்தி மூளை உடனே ஓடியது.

“இது ரெண்டாவது தடவை.”

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆறு மாதத்துக்கு முன்பே ஒரு தடவை அந்த அறைக்குள் போயிருக்கிறாள். ‘மறுபடி வா’ என்று சொல்லியிருக்கிறார்கள். அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. ‘தேதி தள்ளிப் போச்சு’ என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். நாளைதான் கடைசி வாய்ப்பு.

“என்ன கேட்டாங்க?”

“கடல் ஏன் நீலமா இருக்குன்னு கேட்டாங்க.”

இதற்கா? எனக்கே தெரியுமே! வானம் நீலம், அது கடலில் தெரிகிறது. சொன்னேன்.

“ராலே பிரபுவும் அப்படித்தான் சொன்னார்” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. “தப்பு.”

கதையைக் கேளுங்கள். 1921-ல் நம்ம திருச்சிக்காரர் சி.வி. ராமன் இங்கிலாந்து போய்விட்டுக் கப்பலில் திரும்பி வருகிறார். மற்றவர்கள் டெக்கில் சீட்டாடிக்கொண்டிருக்க, இவர் கையில் ஒரு சின்னப் பட்டகத்தை வைத்துக்கொண்டு கடலைப் பார்க்கிறார். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வானத்து ஒளியை அந்தப் பட்டகத்தால் மறைத்துவிட்டுப் பார்த்தால், கடலின் நீலம் குறையவில்லை. இன்னும் கூடுகிறது! ஆக, நீலம் தண்ணீருக்குள்ளிருந்துதான் வருகிறது, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதுதான் 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு.

“அதைச் சொல்லிட்டியா?”

“சொன்னேன். பட்டகம், கப்பல், எல்லாம் சேர்த்து. நல்லா தலையாட்டினாங்க. அப்புறம் ஒருத்தர் ரொம்ப மெதுவா கேட்டார். ‘சாயங்காலம் சூரியன் ஏன் சிவப்பா இருக்கு?’ நீல ஒளி வழியிலேயே சிதறிப் போயிடுது, மிச்சம் வர்றது சிவப்புன்னு சொன்னேன். ‘சரி. அப்ப, கடலுக்கு உள்ள முங்கி மேல சூரியனைப் பார்த்தா? சிதறல் மட்டும்தான் காரணம்னா, மிச்சம் வர்ற ஒளி சிவப்பாதானே தெரியணும்? ஆனா முங்கிப் பார்க்கிறவங்க எல்லாம் நீலமாதானே பார்க்கிறாங்க?’ன்னார்.”

தோசை ஆறிக்கொண்டிருந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பி.காம். காரிக்கும் புரிகிற மாதிரி ஒரு கேள்வி இப்படிக் கத்தியாக இருக்க முடியுமா?

“எனக்குத் தெரியல சித்தி. தெரியலன்னு சொல்லியிருக்கலாம். பிளஸ் டூவிலேர்ந்து எந்தக் கேள்வியையும் காலியா விட்டதில்ல. ஏதாவது எழுதினா அரை மார்க்காவது போடுவாங்கன்னு பழக்கம். வாய் தானா ஏதோ சொல்லிடுச்சு. அடுத்த கேள்விக்கு அந்தப் பொய்யைக் காப்பாத்த இன்னொண்ணு. மூணாவது கேள்வியில நானே எனக்கு எதிரா பேசிட்டிருந்தேன்.”

பதில் என்ன என்று கேட்டேன். தண்ணீருக்குச் சிவப்பு ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும் குணம் உண்டாம். ஒரு டம்ளரில் தெரியாது. ஆழம் கூடக் கூட, சிவப்பு கழிந்து நீலம் மிஞ்சுகிறது. கடல் நீலத்தில் அதற்குத்தான் பெரிய பங்கு. ஆக, ராலே பிரபு சொன்னதை ராமன் திருத்தினார். ராமன் சொன்னதிலும் ஒரு பாதி பாக்கி இருந்தது. ராமன் டைரக்டராக இருந்த அதே இடத்தில் அந்தப் பாக்கியைக் கேட்கிறார்கள்!

“அவங்க செஞ்சது சரிதான் சித்தி” என்றாள். “பதில் தெரியாததுக்காக என்னை நிறுத்தல. தெரியாதது எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கே தெரியலேன்னுதான் நிறுத்தினாங்க.”

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். நூறு பக்க நோட்டு, பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. எல்லாம் கேள்விகள். பதில் தெரிந்தவை அடிக்கப்பட்டிருந்தன. அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபெயின்மன் பிரின்ஸ்டனில் படித்தபோது, இதே மாதிரி வாய்மொழித் தேர்வுக்குத் தயார் செய்ய ஊரை விட்டே கிளம்பி, முன்பு படித்த எம்.ஐ.டி.க்குப் போய் உட்கார்ந்து, ஒரு புது நோட்டில் ‘எனக்குத் தெரியாத விஷயங்கள்’ என்று தலைப்புப் போட்டு ஆரம்பித்தாராம். அதைப் படித்துவிட்டுத்தான் இவளும் ஆறு மாதமாக எழுதுகிறாள்.

நான் ஒரு பக்கத்தைப் புரட்டினேன். ஹாஸ்டல் பால் ஏன் லேசாக நீலம் அடிக்கிறது? என்றிருந்தது. அது அடிக்கப்பட்டிருந்தது.

“தண்ணி ஊத்தறதாலதானே?”

“கொழுப்பு எடுத்துடறாங்க. பெரிய கொழுப்புத் துளி எல்லா நிறத்தையும் சமமா சிதறடிக்கும், அதனால நல்ல பால் வெள்ளை. அது போயிட்டா சின்னச் சின்ன புரதத் துகள்தான் மிச்சம். அது நீலத்தை அதிகமா சிதறடிக்கும். வானம் மாதிரி.”

எங்கள் தெருப் பால்காரரின் பாலில் ஆகாயமே தெரிகிறது என்று பாட்டி திட்டியதற்குப் பின்னால் இவ்வளவு பௌதிகம் இருந்திருக்கிறது!

*

மறுநாள் காலை பத்து மணிக்கு அவளைத் துறை வாசலில் விட்டேன். விபூதி வைத்துவிட்டேன். அவள் அதைக் கைக்குட்டையால் பாதி துடைத்தாள், பாதி விட்டாள். கதவு சாத்தியது.

உள்ளே நமக்கு அனுமதி கிடையாது. எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இங்கே டீ நன்றாக இருக்கிறது. எழுந்து நடந்தேன்.

மரங்களுக்கு நடுவே பழைய பிரதானக் கட்டடம். சாம்பல் நிறக் கல், உச்சியில் கோபுரம், முன்னால் டாடா சிலை. ராமன் 1933-ல் இங்கே டைரக்டராக வந்தார், முதல் இந்திய டைரக்டர். அவரைப் பற்றி எங்கள் வணிகவியல் இனத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. மனிதர் 1907-லிருந்து 1917 வரை பார்த்த வேலை என்ன தெரியுமா? கல்கத்தாவில் அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸில் அதிகாரி! காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சி, நடுவில் கணக்கு. படித்தது எம்.ஏ. பி.எச்டி. என்று எங்கும் உட்கார்ந்து படித்தவர் இல்லை. வாங்கிய டாக்டர் பட்டமெல்லாம் கௌரவப் பட்டம்தான். அந்த அறையில் நாலு பேர் முன்னால் போர்டு அருகே நின்று ‘குவாலிஃபை’ ஆகாதவர்.

அவர்தான் 1933-ல் கமலா பாகவத் என்ற பெண்ணின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார். பம்பாய் யூனிவர்சிடியில் பி.எஸ்ஸி.யில் முதலாவதாக வந்தவர். அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் இதே இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர்கள். காரணம்? பெண். அவ்வளவுதான். அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. நேரே ரயிலேறி ராமன் ஆபீஸுக்கே வந்து, இடம் கொடுக்காமல் போக மாட்டேன் என்று நின்றார். காந்தி காலத்துப் பெண் அல்லவா! கடைசியில் நிபந்தனைகளோடு அனுமதி. முதல் ஒரு வருடத்துக்கு முறையான மாணவி என்ற அங்கீகாரம் கிடையாது. வேலையில் திருப்தி ஏற்பட்டால்தான் மேற்கொண்டு பேச்சு. பரிசோதனைக் கூடத்தில் ஆண்களின் கவனம் சிதறக் காரணமாகக் கூடாது என்றும் ஒரு ஷரத்து!

பாருங்கள், ஒளியின் சிதறலுக்கு நோபல் பரிசு வாங்கியவருக்கு, ஆண்களின் கவனச் சிதறலுக்கு மட்டும் காரணம் பெண் என்று எப்படித் தோன்றியதோ.

ஒரு வருடம் கழித்து ராமனுக்குத் திருப்தி. கமலா முறையாகச் சேர்க்கப்பட்டார். அதற்குப் பிறகு மற்ற பெண்களுக்கும் கதவு திறந்தது. 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கி, பிறகு கமலா சோஹோனி என்ற பெயரில் உணவுச் சத்து ஆராய்ச்சியில் பெரிய பெயராக விளங்கினார். அந்த ஒரு வருடத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. கூடப் படித்த எந்த ஆணும் எழுதாத தகுதித் தேர்வு அது. முன்னூற்று அறுபத்தைந்து நாள் நடந்த காம்ப்ரி.

மணி பதினொன்றரை. போன் வரவில்லை. அக்கா மட்டும் மூன்று தடவை கூப்பிட்டாள். “இன்னுமா வெளிய வரல? பேப்பர் தீந்து போச்சோ?”

வெளியே வந்து சதாசிவநகர் பக்கம் நடந்தேன். அரை மணி நடையில் ராமன் ஆராய்ச்சி நிலையம். 1948-ல் ராமன் இன்ஸ்டிட்யூட்டை விட்டு வந்து தனக்கென்று ஆரம்பித்தது. 1970-ல் அவர் இறந்தபோது அந்த வளாகத்துக்குள்ளேயே எரியூட்டினார்கள். சமாதி எதுவும் எழுப்பவில்லை, ஒரு மரம் நட்டிருக்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வந்ததால் நான் உள்ளே போகவில்லை. மதிலை ஒட்டி, நிழலில் மெதுவாக நடந்தேன். எனக்கு அந்த மரத்தைவிட உள்ளே நூலகத்தில் இருக்கும் ஒரு ஆய்வேடுதான் மனதில் இருந்தது.

அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் ஹானர்ஸ் படித்து, 1940-ல் உதவித்தொகையோடு ராமனிடம் வந்தவர். வைரங்களும் மாணிக்கங்களும் ஒளியை எப்படி வாங்கி உமிழ்கின்றன என்று ஆராய்ந்தார். வைரத்தை வைத்துக்கொண்டு ஒரு இந்தியப் பெண் நகை செய்யாமல் அளவெடுத்திருக்கிறார் என்பதே என் கணக்கில் ஒரு டாக்டர் பட்டத்துக்குச் சமம்! ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1945-ல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அப்போது இந்த இன்ஸ்டிட்யூட்டுக்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் இல்லை. அது 1958-ல்தான் வந்தது. பட்டம் தர வேண்டியது நம் சென்னைப் பல்கலைக்கழகம்.

தரவில்லை. எம்.எஸ்ஸி. படிக்கவில்லை, ஆகவே பி.எச்டி.க்குத் தகுதி இல்லை என்றார்கள். ஆராய்ச்சியில் குறை சொல்லவில்லை. படிவத்தில் ஒரு கட்டம் காலி. அவ்வளவுதான்.

அன்னா மணி அதற்காக உட்கார்ந்து அழுததாகத் தெரியவில்லை. இங்கிலாந்து போய் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுக்கொண்டு, 1948-ல் திரும்பி வந்து வானிலைத் துறையில் சேர்ந்து, மழையையும் வெயிலையும் காற்றையும் அளக்கும் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வைத்தார். துணைத் தலைமை இயக்குநராக 1976-ல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு இதே ராமன் நிலையத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்து மூன்று வருடம் இருந்தார். பட்டம் பெறாத அவருடைய ஆய்வேடு, பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகளோடு அங்கே இருக்கிறது. தினமும் அந்த நூலகத்தைத் தாண்டும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

நாலைந்து பேர் மூளையைக் கசக்கி, முகம் பார்த்துக் கேள்வி கேட்டு, இவளுக்கு என்ன தெரியும் என்று தோண்டிப் பார்க்கும் பரீட்சை ஒரு பக்கம். விண்ணப்பத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடும் பரீட்சை ஒரு பக்கம். இரண்டுக்கும் பெயர் தகுதிதான். என் அக்கா மகள் ஒரு தடவை தோற்றுவிட்டு ‘அவங்க செஞ்சது சரிதான்’ என்று சொன்னாளே... அப்படிச் சொல்லும் பாக்கியம்கூட அன்னா மணிக்குக் கிடைக்கவில்லை.

போன் அடித்தது. மணி ஒன்றாகப் பத்து நிமிடம்.

“சித்தி, எங்க இருக்க?”

குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து டாடா இன்ஸ்டிட்யூட் என்றேன்.

*

துறை வாசல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் சாக்குத் தூள். நெற்றியில் மிச்சமிருந்த பாதி விபூதியும் அழிந்திருந்தது. சுற்றி நாலைந்து சிநேகிதர்கள். யாரோ காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டிருந்தார்கள். அந்தக் காட்சியிலேயே எனக்கு ரிசல்ட் தெரிந்துவிட்டது. தோற்றவர் வீட்டில் காராச்சேவை இவ்வளவு சத்தமாக யாரும் மெல்ல மாட்டார்கள்.

“என்ன கேட்டாங்க? மறுபடியும் கடலா?”

“கடல் இல்ல. செவ்வாய் கிரகம்.”

அங்கே எல்லாம் தலைகீழாம். நமக்குப் பகலில் வானம் நீலம், அஸ்தமனம் சிவப்பு. செவ்வாயில் பகல் வானம் பழுப்பு, சூரியன் மறையும்போது அதைச் சுற்றி நீலம். அங்கே இறங்கிய எந்திரங்கள் படமே எடுத்து அனுப்பியிருக்கின்றன. ஏன் என்று கேட்டிருக்கிறார்கள்.

“நோட்டுல இருந்துதா?”

“இல்ல. ‘தெரியாது’ன்னு சொன்னேன்.”

“அய்யய்யோ.”

“ரூம் அமைதியாயிடுச்சு. எனக்குக் காது அடைச்ச மாதிரி ஆயிடுச்சு. அப்புறம், ‘தெரியாது, ஆனா போர்டுல யோசிச்சுப் பார்க்கலாமா?’ன்னு கேட்டேன். அந்த ஆளு, போன தடவை கடலைக் கேட்டாரே அவர், சாக்பீஸை எடுத்து என் பக்கம் நீட்டினார்.”

அரை மணிக்கு மேல் அந்த ஒரு கேள்வியிலேயே ஓடியிருக்கிறது. அங்கே காற்று ரொம்ப மெல்லிசு, நம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அழுத்தம். அதனால் காற்று மூலக்கூறு பண்ணும் சிதறல் கணக்கில் வராது. பின்னே எது? தூசி. தூசித் துகள் என்ன சைஸ்? மூலக்கூறைவிட எவ்வளவோ பெரிசு, கிட்டத்தட்ட ஒளியின் அலைநீளம் அளவு. அந்த சைஸில் வானத்து விதி செல்லாது. பெரும்பாலான ஒளி பக்கவாட்டில் சிதறாமல் முன்பக்கமாகவே போகும். அதிலும் நீலம் இன்னும் ஒடுங்கி, சூரியனின் திசையை ஒட்டியே வரும். ஆகவே சூரியனைச் சுற்றி நீலம். நடுவில் இரண்டு இடத்தில் தப்பாகப் போய், அவளே கண்டுபிடித்து அழித்திருக்கிறாள். ஒரு இடத்தில் அவர்கள் கை கொடுத்திருக்கிறார்கள்.

“கடைசி வரைக்கும் முடிக்கல சித்தி. பாதியில நிறுத்தி, ‘வெளிய இரு’ன்னாங்க. பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் இருக்கே... அப்புறம் கூப்பிட்டுக் கை குடுத்தாங்க.”

அவளைக் கட்டிக்கொண்டேன். சாக்குத் தூள் என் புடவையில் ஒட்டியது. சிநேகிதர்களில் ஒரு பையன் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அடுத்த மாதம் இரண்டாவது தடவையாம். போகும்போது இவள் தன் நோட்டை அவனிடம் கொடுத்துவிட்டாள். டஜன் பேனாவையும் சேர்த்து.

முதல் தடவை கதை அக்காவுக்கு இந்த நிமிடம் வரை தெரியாது. இதை எழுதலாமா என்று பெண்ணிடமே கேட்டேன். “எழுது சித்தி. அம்மா அந்தப் பத்திரிகையில ஜோக்கும் ராசிபலனும் மட்டும்தான் படிக்கிறா” என்றாள். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம்.

“பாஸாயிட்டாளா? எத்தன மார்க்கு?”

“மார்க் கிடையாதுன்னு சொன்னேனேக்கா.”

“மார்க் இல்லாம எப்படிடி பாஸு? சரி, என்னமோ ஒண்ணு. இனிமே டாக்டர்தானே?”

“இல்லம்மா. இப்பதான் ஆராய்ச்சியைத் தொடரவே விட்டிருக்காங்க. இன்னும் மூணு வருஷமாவது ஆகும்.”

மறுமுனையில் நீண்ட மௌனம். விருதுநகரில் குக்கர் விசில் அடிக்கும் சத்தம் கேட்டது.

“அப்ப அந்த மதுரை வரன்காரங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?”

பெண் போனை என் கையில் திணித்துவிட்டு, காராச்சேவை ஒரு கை அள்ளிக்கொண்டு நகர்ந்தாள்.

“சித்தி, நீயே சொல்லிடு. ‘தெரியாது’ன்னு.”